கியர் பெட்டிக்கு நாடி பார்ப்போம்!

நடுச்சாலையில் நின்றுவிட்ட காரை நாலைந்து பேர் சேர்ந்து தள்ளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே கூட ஒரு கை கொடுத்திருக்கலாம். கார் கொஞ்சம் வேகம் பிடித்ததும், ஓட்டுபவர் கிளட்சிலிருந்து காலை எடுப்பார். கார் ஒருமுறை குலுங்கும். என்ஜின் உறுமத் தொடங்கிவிடும். தள்ளியவர்கள் கையைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

ஆனால், சில கார்களிடம் இந்த வித்தை பலிக்காது. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனாலும் அவற்றின் என்ஜின் அசைந்து கொடுக்காது. அவை தானியங்கி கியர் பெட்டி உள்ள கார்கள். கிளட்ச் மிதிக்கட்டையே அவற்றில் இருக்காது. காலுக்கு இரண்டே வேலை: வேகம் கூட்ட ஒன்று, நிறுத்த ஒன்று. கியரைக் காரே மாற்றிக்கொள்ளும்.

அத்தகைய காரைத் தள்ளி ஓடவைக்க ஏன் முடிவதில்லை? இக்கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் விடையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஒரு நோயாளி வருகிறார்

சென்னையின் மேற்கே, அம்பத்தூரை அடுத்து மேனாம்பேடு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒருபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொருபுறம் ஆவடி. இரும்பும் எண்ணெயும் பழகிய வட்டாரம். இங்கே ஒரு சிறு கார் பட்டறையில் நீங்கள் நின்றுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இருபது வயதான ஒரு கார் மெதுவாக உள்ளே வருகிறது. அதை ஓட்டி வந்தவர் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுபவர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் அவருடைய இடது கால் வலுவிழந்துவிட்டது. (இந்நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக 2014-ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டது; அதற்கு முன் எத்தனையோ குழந்தைகளின் கால்களை அது முடக்கியது.) கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். எனவே அவரால் ஓட்ட முடிவது தானியங்கிக் கார் ஒன்றைத்தான். இந்தக் கார் நின்றால் அவர் வேலைக்குப் போவதும் நிற்கும்.

"வேறு இரண்டு இடங்களில் காட்டிவிட்டேன், தம்பி. கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்தார்கள். கியர் பெட்டி போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகைக்கு இதைப்போல இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்!" என்கிறார் அவர்.

மெக்கானிக் ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்கிறார். "வண்டி எப்போது தொல்லை கொடுக்கிறது, சார்? காலையிலா, ஓடிச் சூடான பிறகா? முன்னால் போகும்போதா, பின்னால் எடுக்கும்போதா?" என்று கேட்கத் தொடங்குகிறார்.

கணக்கர் யோசித்துச் சொன்ன அறிகுறிகள் நான்கு:

1. காலையில் முதல்முறை எடுக்கும்போது, நெம்புகோலை 'டி' என்ற முன்செல்லும் நிலையில் வைத்து மூன்று, நான்கு நொடிகள் கழித்தே கார் நகர்கிறது.

2. பின்னால் எடுக்கும்போதும் அதே தாமதம்.

3. வளைவில் திரும்பும்போது, திடீரென்று என்ஜின் மட்டும் இரைகிறது, கார் இழுப்பதில்லை.

4. நேரான சாலையில், சூடேறிய பிறகு பெரும்பாலும் ஒழுங்காகப் போகிறது.

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி, நோயாளியின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

இரண்டு மின்விசிறிகள்

வீட்டில் இரண்டு மேசை மின்விசிறிகள் கிடைத்தால் இச்சோதனையைச் செய்து பாருங்கள். கம்பி வலையைக் கழற்றாமல், இரண்டையும் எதிரெதிரே நெருக்கமாக வையுங்கள். ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மற்றொன்றை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மின்சாரமே இல்லாத விசிறியும் சுழலத் தொடங்கும்! இரண்டையும் இணைப்பது காற்று ஒன்றே. இரண்டாவது விசிறியை ஒரு குச்சியால் தடுத்து நிறுத்தினாலும் முதல் விசிறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தானியங்கிக் காரில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருப்பது இத்தகைய ஏற்பாடுதான். காற்றுக்குப் பதிலாக அங்கே எண்ணெய். என்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரேயுள்ள சக்கரம் அதை வாங்கிச் சுழல்கிறது. சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது, குச்சியால் தடுத்த விசிறியைப்போல இரண்டாவது சக்கரம் நிற்கும், என்ஜின் நிற்காது. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாமல் போனது இப்படித்தான்.

இந்த அமைப்பை உருவாக்கியவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர். 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் மனத்தில் கார் இல்லை, கப்பல்தான் இருந்தது. அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் உந்தியோடு இணைப்பது எப்படி என்பதே அவர் எதிர்கொண்ட சிக்கல்.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையே மூன்றாவதாக 'ஸ்டேட்டர்' என்ற சிறிய சக்கரம் ஒன்றும் உண்டு. திரும்பி வரும் எண்ணெயை வளைத்து, அது முதல் சக்கரத்துக்குத் தடையாக இல்லாமல் துணையாகப் பாயும்படி செய்வது இதன் வேலை. இதனால் கார் கிளம்பும் வேளையில் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இதற்கு 'டார்க் கன்வெர்ட்டர்' என்று பெயர். ஸ்டேட்டர் ஒரு திசையில் மட்டுமே சுழலக்கூடியது. உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கிறதல்லவா? மிதித்தால் பிடிக்கும், மிதிக்காவிட்டால் 'கிரகிர'வென்று தானே ஓடும். ஸ்டேட்டருக்குள்ளும் அப்படி ஓர் ஒருதிசைப் பிடிப்பு உண்டு.

ஞாயிறும் கோள்களும்

அடுத்து, கியர்கள். சாதாரணக் கார்களில் எந்தப் பற்சக்கர இணை வேலை செய்யவேண்டும் என்பதை நாமே கையால் தேர்ந்தெடுக்கிறோம். தானியங்கிப் பெட்டியில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும்.

நடுவில் ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றி மூன்று கோள் சக்கரங்கள். எல்லாவற்றையும் சூழ்ந்து, உட்புறம் பற்கள் கொண்ட ஒரு வளையச் சக்கரம். மூன்று கோள்களையும் ஏந்தி நிற்பது ஒரு தாங்கி. சூரியனுக்கு 30 பற்கள், வளையத்துக்கு 60 பற்கள் என்று கொள்வோம். அப்போது கணக்கு இது:

30 × சூரியனின் சுற்று + 60 × வளையத்தின் சுற்று = 90 × தாங்கியின் சுற்று

இனி விளையாடிப் பாருங்கள். வளையத்தை நிறுத்திவிட்டுச் சூரியனைச் சுழற்றினால், சூரியன் 3 முறை சுற்றும்போது தாங்கி 1 முறை சுற்றும். வேகம் குறைவு, இழுவை அதிகம்: முதல் கியர். சூரியனை நிறுத்தி வளையத்தைச் சுழற்றினால், வளையம் ஒன்றரை முறை சுற்றும்போது தாங்கி 1 முறை சுற்றும்: இரண்டாவது கியர். எவையேனும் இரண்டைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் மூன்றும் ஒன்றாகவே சுழலும்: மூன்றாவது கியர். தாங்கியை நிறுத்திவிட்டுச் சூரியனை 2 முறை சுழற்றுங்கள். வளையத்தின் சுற்று −1 என்று வரும். கழித்தல் குறிக்கு என்ன பொருள்? எதிர்த்திசை! அதுதான் பின்செல்லும் கியர். ஒரே கூட்டத்திலிருந்து மூன்று முன் கியர்களும் ஒரு பின் கியரும் கிடைத்துவிட்டன. உண்மைப் பெட்டிகளில் இத்தகைய கூட்டங்கள் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும்.

சரி, சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது யார்? உராய்வுத் தகடுகள் அடுக்கிய கிளட்சுகளும், உருளையைச் சுற்றி இறுக்கும் பிரேக் பட்டைகளும். அவற்றை அழுத்துவது எது? எண்ணெய். என்ஜினால் சுழலும் ஒரு பம்பு, கார் டயரிலுள்ள காற்றைவிடச் சில மடங்கு அதிக அழுத்தத்தில் எண்ணெயை அனுப்புகிறது. வால்வுகள் நிறைந்த ஒரு தட்டு அதைத் தக்க நேரத்தில் தக்க கிளட்சுக்குத் திருப்பிவிடுகிறது. பழைய கார்களில் அந்த வால்வுகளைக் காரின் வேகமும் மிதியின் அழுத்தமுமே இயக்கின. பிற்காலக் கார்களில் ஒரு சிறு கணினி இயக்குகிறது.

ஆக, எண்ணெய் இங்கே வெறும் மசகுப் பொருள் அன்று. அது ஆற்றலைக் கடத்துகிறது; கிளட்சுகளை அழுத்துகிறது; சூட்டைச் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது; பற்களுக்கு உயவும் தருகிறது. நம் உடலில் இரத்தம் எப்படியோ, அப்படி!

கப்பலிலிருந்து டாங்கி வரை

இத்தத்துவம் காருக்குள் பெருமளவில் புகுந்தது 1939-ஆம் ஆண்டின் இறுதியில். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹைட்ராமாட்டிக்' என்ற தானியங்கிக் கியர் பெட்டியை 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்தி விற்றது. அதில் எண்ணெய் இணைப்பும் கோள் பற்சக்கரங்களும் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் 'எம்5 ஸ்டூவர்ட்' என்ற அமெரிக்க டாங்கியையும் இதே வகைப் பெட்டிகள்தான் ஓட்டின.

டாங்கி என்றதும் நம் ஆவடி நினைவுக்கு வருகிறதல்லவா? 1965-ஆம் ஆண்டில் 'விஜயந்தா' டாங்கியை வெளியே கொண்டுவந்த கனரக வாகனத் தொழிற்சாலை மேனாம்பேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆவடியிலுள்ள ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த 'அர்ஜுன்' டாங்கியில் டார்க் கன்வெர்ட்டரும் கோள் பற்சக்கரங்களும் கொண்ட அரைத் தானியங்கிக் கியர் அமைப்பு உண்டு. ரயில்வேயிலும் இது பயன்பட்டது. மன்மோகன் சூரி என்ற இந்தியப் பொறியியலாளர் டீசல் ரயில் என்ஜின்களுக்காக எண்ணெய் வழி ஆற்றல் கடத்தும் ஓர் அமைப்பை உருவாக்கினார். 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்றே அதற்குப் பெயர். 1962-ஆம் ஆண்டில் அவருக்குப் பட்நாகர் விருது வழங்கப்பட்டது.

அந்த எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. தொடக்க காலத்தில் அதில் திமிங்கில எண்ணெயைக் கலந்தார்கள். கிளட்சுத் தகடுகள் குலுங்காமல் மென்மையாகப் பிடிக்க அது உதவியது. 1970-களின் தொடக்கத்தில், அழிந்துவரும் அத்திமிங்கிலத்தைக் காக்க அமெரிக்கா தடை விதித்தது. அதன்பிறகு வேதியியலாளர்கள் வேறு சேர்மங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கம்ப்யூட்டர் என்ன சொன்னது?

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். மற்ற இடங்களில் கணினியைப் பொருத்திப் பார்த்தபோது, 'கியர் விகிதம் தவறு' என்ற செய்தி வந்ததாம். அதைக் கண்டுதான் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள்.

அக்கணினி செய்வது நீங்கள் சற்றுமுன் செய்த அதே கணக்குத்தான். கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டின் வேகத்தை ஓர் உணர்வி அளக்கிறது. வெளியேறும் தண்டின் வேகத்தை இன்னொன்று அளக்கிறது. நம் எடுத்துக்காட்டில், முதல் கியரில் நுழைவது நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் வெளியேறுவது 1000 சுற்றாக இருக்கவேண்டும். 850 மட்டுமே வந்தால்? எங்கோ ஒரு கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கணினி உண்மையைத்தான் சொன்னது. ஆனால், ஏன் வழுக்குகிறது என்பதை அது சொல்லவில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்று வெப்பமானி காட்டும்; மலேரியாவா டைபாய்டா என்று காட்டுமா?

பொதுவானது எது?

மெக்கானிக் சுவரில் ஒரு பட்டியலை ஒட்டிவைத்திருக்கிறார். எந்தக் கியரில் எந்த உறுப்புகள் வேலை செய்கின்றன என்பது அதில் இருக்கிறது. புகழ்பெற்ற ஒரு மூன்று கியர் அமைப்பின் பட்டியலை இங்கே தருகிறோம். அ, ஆ என்பன கிளட்சுகள். இ என்பது பிரேக் பட்டை. ஈ என்பது பிரேக். உ என்பது ஒருதிசைப் பிடிப்பு.

முதல் கியர்: அ, உ
இரண்டாம் கியர்: அ, இ
மூன்றாம் கியர்: அ, ஆ
பின் கியர்: ஆ, ஈ

இனி நீங்கள்தான் வைத்தியர். கீழே மூன்று நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் கெட்டுப்போன உறுப்பு எது? (விடைகள் கட்டுரையின் இறுதியில்.)

முதல் கார்: முன்னால் எந்தக் கியரிலும் நகரவில்லை, பின்னால் நன்றாகப் போகிறது.

இரண்டாம் கார்: மூன்றாம் கியரிலும் பின் கியரிலும் வழுக்குகிறது, மற்றவை சரி.

மூன்றாம் கார்: இரண்டாம் கியரில் மட்டும் வழுக்குகிறது.

இப்போது நம் கணக்கரின் கார். அதில் கியர்கள் நான்கு. பட்டியல் சற்று நீளம். ஆனால் வாதம் ஒன்றே. முன்செல்லும்போதும் தாமதம், பின்செல்லும்போதும் தாமதம். முதல் கியருக்கும் பின் கியருக்கும் பொதுவான உறுப்பு பட்டியலில் இருக்கிறதா? இல்லை! அப்படியானால் இரண்டு வெவ்வேறு உறுப்புகள் ஒரே சமயத்தில் கெட்டிருக்கவேண்டும். அல்லது எல்லாக் கியர்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் குறை இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவானது எது? எண்ணெயும் அதன் அழுத்தமும்தான்.

மற்ற அறிகுறிகளும் இதற்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால், வளைவில் திரும்பும்போது அது ஒரு பக்கமாக ஒதுங்கும்; பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும்; அழுத்தம் விழும்; கிளட்ச் வழுக்கும். மூன்றாவது அறிகுறி இதுதான். எண்ணெய் சூடானால் விரியும். ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழு பங்கு. 6 லிட்டர் எண்ணெய் 60 டிகிரி சூடேறினால் சுமார் கால் லிட்டர் கூடும். காலையில் மட்டம் தாழ்ந்து, ஓடியபின் சற்று உயர்கிறது. முதல் அறிகுறிக்கும் நான்காவதுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஒரே காரணம் நான்கு அறிகுறிகளையும் விளக்குகிறது!

ஆனால், ஊகம் பொருந்துவது மட்டும் போதாது. சோதித்துப் பார்க்கவேண்டும்.

ஒரு சொட்டு, ஒரு வெள்ளைத் தாள்

முதலில் காசு செலவில்லாத சோதனைகள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திருப்புகிறார் மெக்கானிக். எல்லாக் குழாய்களிலும் எண்ணெய் நிரம்பட்டும் என்பதற்காக. பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளக்கும் குச்சியை உருவுகிறார். (இந்த முறை எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல, சில கார்களில் அளவுகுச்சியே கிடையாது. காருடன் வரும் கையேட்டில் சொன்னபடிதான் பார்க்கவேண்டும்.) எண்ணெய், குறைந்தபட்சக் கோட்டுக்கும் வெகு கீழே இருக்கிறது.

குச்சியின் நுனியிலுள்ள சொட்டை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுக்கிறார். அந்த நிறத்தைப் பாருங்கள்.

தெளிந்த சிவப்பு: நலம்.

பழுப்பு: வயதான எண்ணெய், மாற்றவேண்டும்.

கறுப்பு, கூடவே தீய்ந்த வாடை: கிளட்சுத் தகடுகள் கருகிவிட்டன. பெட்டியைத் திறப்பது தவிர வழியில்லை.

பால் கலந்ததுபோல் வெளிர்சிவப்பு: தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் உடைந்து குளிர்நீர் கலந்திருக்கலாம். நம் வட்டாரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் தண்ணீர் தேங்கியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய காரில், கியர் பெட்டியின் காற்றுத் துளை வழியாக நீர் புகும். தகடுகளின் மீது ஒட்டியுள்ள உராய்வுப் பொருள் நீரில் ஊறிப் பெயர்ந்துவிடும். அத்தகைய காரை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

நுரை: எண்ணெய் அளவுக்கு மீறியிருக்கிறது, அல்லது காற்றை உறிஞ்சுகிறது.

கணக்கரின் தாளில் இலேசான பழுப்போடு கூடிய சிவப்பு. தீய்ந்த வாடை இல்லை. மெக்கானிக்கின் முகம் மலர்கிறது. "தகடு இன்னும் கருகவில்லை, சார். ஆனால் எண்ணெய் ஆவியாகிப் போகாது. எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஊற்றி அனுப்பினால், அடுத்த மாதம் திரும்பி வருவீர்கள்."

இரவு முழுவதும் காரின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைக்கிறார்கள். காலையில் தாளே பதில் சொல்கிறது. காரின் நடுவே தெளிந்த நீர் சொட்டியிருந்தால் அது குளிர்சாதனத்தின் நீர், பயமில்லை. பச்சை என்றால் ரேடியேட்டர் நீராக இருக்கலாம். கறுப்பு என்றால் என்ஜின் எண்ணெய். இங்கே முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் கீழே, சிவப்புச் சொட்டுகள்! எண்ணெயைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது.

புதுக் குழாய், புது வடிகட்டி, சரியான தரத்தில் புது எண்ணெய். மெக்கானிக் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கிறார். அழுத்தம் கையேட்டில் உள்ளபடி இருக்கிறது. நெம்புகோலை 'டி'யில் வைத்து நொடிகளை எண்ணுகிறார். பல கார்களில் இது ஒன்றரை நொடிக்குள் இருந்தால் நலம். ஒரு நொடியில் கார் பிடிக்கிறது. அம்பத்தூர் வரை, வளைவுகளில் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறார்கள். என்ஜின் இரையவில்லை.

கணக்கர் அன்றே காரில் வேலைக்குப் போகிறார். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறியது.

சூடு என்னும் எதிரி

இன்னும் சில வாரம் கவனிக்காமல் ஓட்டியிருந்தால்? கணக்குப் போடுவோம். என்ஜினிலிருந்து 20 கிலோவாட் ஆற்றல் பெட்டிக்குப் போகும்போது, கிளட்ச் வழுக்கி அதில் பத்தில் ஒரு பங்கு வீணானால் 2 கிலோவாட். அது எங்கும் போவதில்லை, சூடாக மாறுகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டை எண்ணெய்க்குள் போட்டு வைத்ததற்குச் சமம்! எண்ணெய் சூடேறினால் விரைவில் கெடும். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. கெட்ட எண்ணெயில் தகடு மேலும் வழுக்கும்; மேலும் சூடேறும். அப்போது, பெட்டி போய்விட்டது என்ற தீர்ப்பு உண்மையாகவே ஆகியிருக்கும். கோடை வெயிலில், நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கார்களுக்கும் கதை இப்படி இனிதாக முடியாது. தகடு கருகியிருந்தால் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். மேலும், இன்று தானியங்கி என்று சொல்லப்படும் கார்கள் எல்லாம் ஒரே வகையும் அல்ல. 2014-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் பரவிய ஏ.எம்.டி. கார்களில் இருப்பது சாதாரணக் கியர் பெட்டிதான்; கிளட்சையும் கியரையும் ஓர் இயந்திரக் கை மாற்றுகிறது. சி.வி.டி. என்ற இன்னொரு வகையில் இரண்டு கப்பிகளும் ஓர் உலோகப் பட்டையும் வேலை செய்கின்றன. அவற்றின் நோய்களும் வேறு, எண்ணெயும் வேறு. இன்னொன்றும் கேளுங்கள்: ஓடும் என்ஜினுக்கு அருகே கை வைப்பதோ, ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் போவதோ உங்கள் வேலை அல்ல. நீங்கள் கவனிக்கலாம், கேட்கலாம், தாளில் எழுதலாம். கண்டுபிடிப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

மேனாம்பேட்டுப் பட்டறையில் நடந்தது என்ன? முதலில் கேள்வி; பிறகு எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான காரணத்தைத் தேடல்; பிறகு செலவில்லாத சோதனை; கடைசியில்தான் ஸ்பானர். உங்கள் வீட்டில் மின்விளக்கு எரியாவிட்டாலும், சைக்கிள் சக்கரம் ஆடினாலும், ஆய்வுக்கூடத்தில் விடை தவறாக வந்தாலும் இதே வரிசையில் முயன்று பாருங்கள்.

அது சரி, தொடக்கத்தில் கேட்ட கேள்வி? காரைத் தள்ளும்போது சக்கரங்கள் சுழல்கின்றன. ஆனால் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது என்ஜின், அது நிற்கிறது. பம்பு நின்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் எந்தக் கிளட்சும் பிடிக்காது. சக்கரத்தின் சுழற்சி என்ஜினை எப்படி எட்டும்? பழுதான தானியங்கிக் காரை, இயங்கு சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்துச் செல்லக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: பம்பு நின்றிருக்க, உயவு இல்லாமல் உள்ளே பற்கள் தேயும்.

அடுத்தமுறை யாராவது ஒரு தானியங்கிக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தால், ஓடிப்போய் இதைச் சொல்லுங்கள். பாவம், அவர்களுக்கு மூச்சாவது மிஞ்சும்!

விடைகள்: முதல் கார் – அ. இரண்டாம் கார் – ஆ. மூன்றாம் கார் – இ.

இன்னொரு புதிர்: ஒரு கார் எந்தக் கியரிலும் வழுக்கவில்லை. என்ஜினும் நல்ல நிலையில் உள்ளது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் சோம்பேறித்தனம் காட்டுகிறது. வேகம் பிடித்தபின் நன்றாக ஓடுகிறது. கோளாறு எங்கே? கிளம்பும் வேளையில் முறுக்கு விசையை இரண்டு மடங்காக்குவது எது என்று மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் சைக்கிளின் ஃப்ரீவீல் மிதித்தாலும் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.